"என் விசுவாசம் பத்தலையா?"ன்னு கேட்ட பொண்ணு. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

சாளரம்:
வாலிபர் கூட்டம் நடத்துறவங்களுக்கு ரிட்ரீட் கடைசி ராத்திரி எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பாட்டு, அழுகை, சாட்சி எல்லாம் முடிஞ்சு பாய் சுருட்டிட்டு இருந்தேன். 15 வயசுப் பொண்ணு ஒருத்தி பக்கத்துல வந்து நின்னா. "ஆறு மாசமா ஜெபிக்கிறேன்க்கா. காலைல எந்திரிக்கவே பிடிக்கல. என் விசுவாசம் பத்தலையா?" நான் கையில இருந்த பாயைக்கூடக் கீழ வைக்கல. "இன்னும் ஊக்கமா ஜெபிம்மா"ன்னேன். "சரிக்கா"ன்னு சட்டைக் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டா. அந்தப் புழுக்கத்துல முழுக்கை எதுக்குன்னு எனக்கு உறைக்கவே இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு அவ அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்போ சிகிச்சையில இருக்கா, தேவலை. அந்தச் சட்டைக் கைதான் என் கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது.

எழுத்தாணி:
ஜெபிக்கச் சொன்னது குத்தமா? எங்க அக்கா பையன் பரீட்சைல தோத்து ரூமை விட்டே வராம கிடந்தான். போதகர் தினமும் வந்து அவன்கூட செஸ் ஆடுவார், போறப்போ ரெண்டு வரி ஜெபம். எழுந்துட்டான்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 10லிருந்து 19 வயசுக்குள்ள ஏழுல ஒருத்தருக்கு மனநலச் சிக்கல் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க கூட்டத்துலயும் நாலஞ்சு பேர் இருப்பாங்க. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு சத்தியம் மட்டும் பண்ணிக் குடுத்துடாதீங்க, உயிருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும். சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கிறது வீண் பயம். டாக்டர் மாத்திரை குடுத்தா வேலை செய்ய சில வாரம் ஆகும், நடுவுல "கர்த்தர் பாத்துப்பார்"னு நிறுத்த விடாதீங்க. பெத்தவங்களைத் தனியா கூப்பிட்டுப் பேசுங்க. அப்புறம் அந்தக் கடைசி ராத்திரி அழுகையைக் கொஞ்சம் குறைக்கலாம்.

நடுச்சாமம்:
எழுத்தாணி, கதை நாலு வரி, உபதேசம் ஒரு பக்கமா?

என் கதை வேற. 16 வயசுல எனக்கு உளூ (தொழுகைக்கு முன்னாடி முகம், கை, கால் கழுவுறது) செஞ்சா முடியவே முடியாது. முழங்கை நனைஞ்சுதான்னு சந்தேகம், திரும்ப முதல்ல இருந்து. தொழுகையைத் தொடங்க தக்பீர் கட்டுவேன், நிய்யத் (மனசுல வைக்கிற எண்ணம்) சரியில்லன்னு விடுவேன், திரும்பக் கட்டுவேன். உம்மா "எவ்வளவு பேணுதலான புள்ள"ன்னு பெருமைப்பட்டாங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருநாள் பின்னாடி வந்து குழாயை மூடினார். "இது வஸ்வாஸ்ப்பா, மனசைக் குழப்புற வீண் சந்தேகம். சந்தேகம் வந்தா வரட்டும், நீ போய்த் தொழு. டாக்டரையும் பாரு"ன்னார். ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்துற நோய்னு டாக்டர் சொன்னாங்க. அவங்க குடுத்த பயிற்சியும் கிட்டத்தட்ட அதேதான்: சந்தேகத்தை அப்படியே விட்டுட்டு, திரும்பச் செய்யாம இருக்கிறது. "இன்னும் கவனமா உளூ செய்"னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா குழாயடியிலயே கிடந்திருப்பேன்.

மூன்றாம்படி:
ஜெபிக்கச் சொன்னது குத்தமான்னு கேட்டவருக்கு: பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ "போதும், சாகணும்"னு படுத்தப்போ தூதன் என்ன செஞ்சான்? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரை, ரெண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிட வெச்சான். "விசுவாசம் பத்தல"ன்னு அங்க ஒரு வார்த்தை இல்லையே.

சாளரம்:
அந்த ரிட்ரீட்ல ரெண்டாம் நாள் எலியாவைப் பத்திப் பேசினதே நான்தான். அதுக்கு முன்னாடி கர்மேல் மலையில அவர் ஜெபத்துக்கு அக்கினி இறங்கினதோட முடிச்சுட்டேன்.