அமெரிக்கக் குடியேற்றச் சீர்திருத்தம்: 1986-க்குப் பின் பேரம் ஏன் படியவில்லை?

கேள்வி:
அன்றைய அதிபர் ரீகன் 1986-இல் கையெழுத்திட்ட சட்டத்தால், உரிய ஆவணங்களின்றி வாழ்ந்த ஏறத்தாழ 27 லட்சம் பேர் சட்டபூர்வ நிலை பெற்றனர். அதன்பின் அந்த அளவிலான உடன்பாடு எதுவும் ஏன் நிறைவேறவில்லை?

பதில் 1:
அச்சட்டமே ஒரு கொடுக்கல் வாங்கல்தான். 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தொடர்ந்து வசித்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு; ஈடாக, ஆவணமற்றவர்களைத் தெரிந்தே வேலைக்கு அமர்த்தும் முதலாளிகளுக்கு அபராதம். முன்னது நடந்தேறியது. பின்னதோ, வேலைக்கு வருபவர் காட்டும் அடையாள அட்டை பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினாலே போதும் என்ற விதியால், போலி அட்டைகளிடம் தோற்றது. 'முதலில் எல்லைப் பாதுகாப்பு, பிறகுதான் மற்றவை' என்று குடியரசுக் கட்சியினர் பலர் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

பதில் 2:
அந்த அவநம்பிக்கைக்கு 2013 செனட் மசோதா பெரிய விலை கொடுக்க முன்வந்தது: குடியுரிமைக்குப் பெரும்பாலோருக்கு 13 ஆண்டுக் காத்திருப்பு, அபராதம், தெற்கு எல்லைக் காவலரை ஏறக்குறைய இரட்டிப்பாக்குதல். 68-32 என்று செனட்டில் நிறைவேறியும், பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. வேலைவாய்ப்பு வழிப் பச்சை அட்டைகளில் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பை நீக்கும் பிரிவும் அதனுடன் சேர்ந்தே போயிற்று. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தபடி அந்த அட்டைக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் நம்மவர்கள், ஆவணமற்றோர் பிரச்சினை தங்களுடையதல்ல என்று ஒதுங்குவது எனக்கு விளங்கவில்லை.

பதில் 3:
ஆவணமற்றோருக்குக் குடியுரிமையின்றி வேலை அனுமதி மட்டும் தருவது எளிதில் நிறைவேறலாம்; ஆனால் வரி செலுத்தியும் வாக்களிக்க முடியாத ஒரு நிரந்தரப் பிரிவை அது உருவாக்கிவிடும்.