நீவுசுட்டி: சேலத்திலிருந்து ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

முதுகின்மேல் விரலை ஓட்டினாலே பக்கத்தை உருட்டவும் புரட்டவும் செய்கிற புதுவகைக் கணினிச் சுட்டியை (மவுஸ்) தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்குத் தொடுசுட்டி, தேய்சுட்டி, வருடுசுட்டி, உற்றறிசுட்டி, தொடுவுணர் சுட்டி என ஐந்து சொற்கள் இதுவரை வந்துள்ளன. ஐந்திலும் எனக்கு மனம் முழுமையாக நிற்கவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையின் தறிகளுக்குச் சேலை வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய கணினிக் கூடம் ஒன்றைச் சேலத்தில் நடத்துகிறேன். தறியில் பூவேலைக்கு எந்த நூல் எழ வேண்டும் என்று காட்டும் ஜக்கார்டு அட்டையில் எங்கே துளை விழ வேண்டும் என்பதைத் திரையில் கட்டம் கட்டமாகக் குறிப்பதே எங்கள் நாள் முழுவதுமான வேலை. ஒரு கட்டத்தில் தவறிச் சொடுக்கினால் எழ வேண்டிய பாவு நூல் (நீளவாட்டு நூல்) அந்த இடத்தில் எழாது. அந்தப் பூ சேலையில் திரும்பத் திரும்ப வரும் இடமெல்லாம் அந்தக் குறையும் கூடவே வரும். ஆகவே சுட்டியைப் பற்றி நாங்கள் பேசுவதில் கொஞ்சம் கடுமை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடுசுட்டி என்ற சொல் தொடுதிரையைப் பார்த்துப் பிறந்தது. திரை நெடுங்காலம் பார்ப்பதற்கு மட்டுமே உரிய பொருளாக இருந்ததால், ‘தொடு’ என்ற அடை அங்கே ஒரு புதுச் செய்தியைச் சொன்னது. சுட்டியோ பிறந்த நாள்முதல் கைக்குள்ளேயே இருப்பது. அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் குழு 1964இல் செய்த முதல் சுட்டி, ஒரே பொத்தானும் அடியில் இரண்டு சக்கரங்களும் கொண்ட மரப்பெட்டி. அதையும் தொட்டுத்தான் நகர்த்தினார்கள். தொடாமல் இயக்கும் சுட்டி என்று ஒன்று இல்லாதபோது, தொடுசுட்டி எதிலிருந்து எதைப் பிரித்துக் காட்டுகிறது?

தேய்சுட்டி மக்கள் வழக்கிலிருந்து எடுத்தது என்பதால் முதலில் எனக்கு அதன்மேல் ஆசை இருந்தது. பொத்தான் போனிலிருந்து பிரித்துச் சொல்ல ‘தேய்க்கிற போன்’ என்று இங்கே எல்லோரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் தேய்க்கிற என்பது வேறு, தேய்கிற என்பது வேறு. வினைத்தொகையாக்கித் தேய்சுட்டி என்றால், தேய்பிறையைப் போலத் தானாகவே தேய்ந்து போகிற சுட்டி என்றுதான் காதில் விழும். கடைக்காரர் எந்த முகத்தோடு அதை விற்பார்? வருடுசுட்டிக்கு வேறொரு தடை இருக்கிறது. படத்தையும் எழுத்தையும் ஒளியால் படித்துக் கணினிக்குள் ஏற்றும் கருவியை வருடி என்று ஏற்கெனவே பலர் எழுதி வருகிறோம். எங்கள் மேசையில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஒரே வேர்ச்சொல்லை இரண்டுக்கும் கொடுத்தால், ‘வருடியை எடு’ என்று சொல்லும்போது பையன் எதை எடுப்பான் என்று சொல்ல முடியாது.

உற்றறிசுட்டியை முன்மொழிந்த ஐயாவின் புலமையை வணங்குகிறேன். தொல்காப்பியம் ஓரறிவு உயிருக்குரிய அறிவை ‘உற்றறிவதுவே’ என்று வகுத்து, புல்லையும் மரத்தையும் அந்த வரிசையில் வைக்கிறது. தொடுதலை மட்டுமே அறிகிற ஒரு கருவிக்கு இதைவிடத் துல்லியமான அடை கிடைக்காது என்பதும் உண்மை. எலியென்று பெயர் வாங்கிய கருவியைப் புல்லின் வரிசைக்கு இறக்கிவிடுகிறோம் என்பது மட்டும்தான் சிறு வருத்தம். ஆயினும் சேலம் கடைவீதியில் போய் உற்றறிசுட்டி இருக்கிறதா என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதை ஐயா அவர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எஞ்சி நிற்பது தொடுவுணர் சுட்டி. இலக்கணத்திலும் பொருளிலும் இதில் பிழையில்லை. இந்தச் சுட்டியின் மேலோட்டுக்கு அடியில் மெல்லிய மின்முனைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. மின்னைக் கடத்தும் நம் விரல் அருகே வந்ததும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், மாறுகிறது. எங்கெங்கே மாறியது, எந்தத் திசையில் நகர்ந்தது என்பதைக் கணக்கிட்டு, விரலின் போக்கைச் சுட்டி அறிந்துகொள்கிறது. ஆகத் ‘தொடுவுணர்’ என்பது பொருந்திய அடைதான். என் மனக்குறை என்னவென்றால், அது கருவிக்குள்ளே நடப்பதைச் சொல்கிறதே தவிர, கருவியின்மேல் கை செய்வதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் நிலைத்த கருவிப் பெயர்களைப் பாருங்கள். அரிவாள் அரிவதால் பெயர் பெற்றது, துருவி துருவுவதால் பெற்றது. உள்ளே இரும்பு எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே என் சொல்லை வைக்கிறேன்: நீவுசுட்டி. குழந்தையின் தலையை நீவுகிறோம், சுளுக்கு விழுந்த காலை நீவிவிடுகிறோம், மடிப்பு விழுந்த சேலையை நீவி வைக்கிறோம். விரலைப் பரப்பின்மேல் எடுக்காமல் ஒரு திசையில் ஓட்டுவதற்கு நீவுதலைப்போல் அமைந்த சொல் வேறு எனக்குத் தெரியவில்லை. கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. 2009 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட மேஜிக் மவுஸில் ஒரு விரலால் நீவினால் பக்கம் உருளும், இரண்டு விரல்களால் பக்கவாட்டில் நீவினால் முன்பின் பக்கங்களுக்குப் போகலாம். இவற்றை ஒருவிரல் நீவல், இருவிரல் நீவல் என்று எழுதிவிடலாம். விண்டோஸ் 7க்கென்றே வடிவமைத்து 2011இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டச் மவுஸில் மூவிரல் நீவலும் உண்டு. இழுத்தல் என்ற சொல்லைச் சொடுக்கியபடி நகர்த்துவதற்கும், தட்டல் என்பதைத் தொட்டெடுப்பதற்கும் ஒதுக்கிவிட்டோம் என்பதால் குழப்பமும் வராது. சுட்டியைச் சொடுக்கி என்று சிலர் இன்னமும் எழுதுவது இந்தக் கருவிக்குச் சிறிதும் ஒட்டாது; சொடுக்குதல் குறைந்து நீவுதல் பெருகுவதே இதன் இயல்பு. சுட்டுவது மட்டும் மாறவில்லை, ஆகவே சுட்டி நிற்கட்டும். இணையத் தொடுப்பையும் சுட்டி என்று எழுதுகிறவர்கள் அதைத் தொடுப்பு என்று மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

இதனோடு சேர்ந்து வந்த மற்ற இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். ஒரு சுட்டி குறிப்பிட்ட கணினியோடு ஒத்துப்போகுமா என்பதைக் குறிக்க ஒத்தியல்பு, பொருத்தம், இணக்கம் ஆகியவை முன்மொழியப்பட்டன. இங்கே நாம் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறோம் என்று நினைக்கிறேன். புளூடூத் உள்ள கணினியில் மேஜிக் மவுஸை இணைத்தால், விண்டோஸாக இருந்தாலும் திரையில் குறிமுள் (கர்சர்) நகரும், சொடுக்கும் வேலை செய்யும். ஆனால் அதற்குரிய இயக்கி நிரல் (டிரைவர்) இல்லாவிட்டால் நீவலுக்கு எந்த மறுமொழியும் வராது. ஆப்பிளின் மேக் கணினியிலேயே முதலில் இயங்குதளத்தின் 10.5.8 பதிப்பும் அதற்கான மென்பொருள் இற்றைப்படுத்தலும் தேவைப்பட்டன. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தில் (கெர்னல்) இதற்கென ஓர் இயக்கி 2010இல்தான் சேர்ந்தது. ஆக, இணைவது வேறு, இணங்குவது வேறு. சம்பந்தம் பேசி முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஒன்றாமல் இருப்பதை எல்லாக் குடும்பங்களும் பார்த்திருக்கின்றன. பொருத்தம் என்பது இணைப்பதற்கு முன் பார்க்கும் கணக்கு. எல்லா வசதிகளும் உயிர்பெற்று வேலை செய்கிற நிலைக்கு இணக்கம் என்பதே சரி. பெட்டியின்மேல் ‘பொருந்தும்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், இணங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பயன்படுத்துவோருக்கு அது எவ்வளவு தோதாக இருக்கிறது என்பதற்கான சொல். பயன்பாட்டுத்தன்மை, பயனெளிமை என்று வந்தவை ஏட்டுச் சொற்களாக இருக்கின்றன. எங்கள் கூடத்துக்கு இப்படியொரு சுட்டியை வாங்கினோம். எந்த நிறுவனத்தினது என்பது இங்கே வேண்டாம். கட்டத்தைச் சொடுக்கும் நேரத்தில் விரல் மயிரிழை அளவு நகர்ந்தாலும் அது நீவல் என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதையும் ஒரு வரிசை தள்ளி வைத்தது. வலச்சொடுக்கு வேண்டுமென்றால் இடப்பக்க விரலை முழுவதும் தூக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு விரல்களும் மேலே கிடந்தால் அது இடச்சொடுக்காகவே பதிவானது. பத்து நாள் பார்த்துவிட்டு எங்கள் வடிவமைப்பாளர் அதை ஓரமாக வைத்து, “நல்லாத்தானுங்க இருக்குது, கைக்குத்தான் வாகா வரலீங்க” என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லையே நான் உங்கள்முன் வைக்கிறேன்: கைவாகு. கணக்கு எழுதுகிறவருக்கும் நீண்ட பக்கங்களைப் படிக்கிறவருக்கும் நீவுசுட்டி கைவாகாக அமையக்கூடும், கட்டத்தில் புள்ளி வைக்கிறவருக்கு அமையவில்லை. யாருக்கு, எந்த வேலைக்கு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அன்புடன்,
சேலத்திலிருந்து

மறுமொழி:

மதிப்பிற்குரிய சேலத்து நண்பருக்கு வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற எனக்குத் தங்கள் கைவாகு மிகவும் பிடித்துவிட்டது. இணைதல், இணங்குதல் என்ற பிரிவையும் ஏற்கிறேன். நீவுசுட்டியில்தான் ஓர் ஐயம், ஒரு மறுப்பு.

ஐயம் சிறியது. சுளுக்கு நீவுவது என்றால் எங்கள் பக்கத்தில் எண்ணெய் விட்டு நன்றாக அழுத்தித் தேய்ப்பது. இந்தச் சுட்டிக்கோ அழுத்தமே வேண்டாம், விரல் பட்டால் போதும். சொல்லைக் கேட்டுவிட்டு யாராவது கட்டை விரலால் அழுத்தப் போகிறார்கள்.

மறுப்பு சற்றுப் பெரியது. தாங்கள் நீவலைக் கருவியின் இலக்கணமாகவே கொண்டுவிட்டீர்கள். ஆனால் 2005இல் ஆப்பிள் வெளியிட்ட மைட்டி மவுஸை எண்ணிப் பாருங்கள். அதன் மேலோட்டில் இடம் வலம் என்று பிரிந்த பொத்தான்கள் கிடையாது. விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தொடுவுணரிகள் கொண்டே அது அறிந்தது. ஆனால் பக்கத்தை உருட்டுவதற்கு உச்சியில் ஒரு குட்டி உருண்டை இருந்தது, நீவுவதற்கு அதில் இடமே இல்லை. அது தொடுவுணர் சுட்டியா என்றால் ஆம், நீவுசுட்டியா என்றால் இல்லை. உள்ளே நடப்பதைப் பெயராக்கக் கூடாது என்று தாங்கள் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் உள்ளே நடப்பதுதான் சில நேரம் வெளியே நம்மைத் தடுக்கிறது. மார்கழி தை மாதங்களில் காலையில் இங்கே அலுவலகத்தைத் திறக்கும்போது கம்பளிக் கையுறையோடுதான் உட்காருகிறோம். பழைய பொத்தான் சுட்டி கையுறைக்கும் சொடுக்கும். புதியதோ நீவினாலும் தட்டினாலும் அசையாது. அதற்குக் காரணம் கேட்கிறவரிடம் ‘தொடுவுணர்’ என்று சொன்னால் விளங்கும், ‘நீவு’ என்று சொன்னால் இன்னும் நன்றாக நீவிப் பார்ப்பார்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து

மறுமொழி:

அன்புள்ள ஐயா, வணக்கம். அழுத்தம் பற்றிய ஐயத்தை நான் ஏற்கவில்லை. குழந்தையின் தலையை யாரும் அழுத்தி நீவுவதில்லை. ஆனால் மைட்டி மவுஸும் தங்கள் கையுறையும் என்னை மடக்கிவிட்டன. வகைக்கும் அதன் உட்பிரிவுக்கும் ஒரே பெயரைக் கொடுக்கப் பார்த்தது என் பிழை. தொடுவுணர் சுட்டி வகைப்பெயராக இருக்கட்டும். நீவலுக்கு மறுமொழி தருகிற உட்பிரிவை மட்டும் நீவுசுட்டி என்போம். நம் சொற்பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் பதிவு இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

தொடுவுணர் சுட்டி: மேலோட்டின்மீது விரல் இருக்கும் இடத்தை மின்தேக்குத்திறன் மாற்றத்தால் அறியும் சுட்டி, கையுறை அணிந்த விரலை இது பொதுவாக அறியாது. நீவுசுட்டி: விரலை அழுத்தாமல் ஒரு திசையில் ஓட்டுவதை, அதாவது நீவலை, கட்டளையாக ஏற்கும் தொடுவுணர் சுட்டி, நீவல் முழுவதும் வேலை செய்யக் கணினியில் உரிய இயக்கி வேண்டும்.

கைவாகு பற்றிய பதிவை இன்னும் எழுதவில்லை. வலைத்தளத்துக்கும் கைவாகு என்று சொல்லலாமா என்று இன்னொரு நண்பர் தனியே கேட்டிருக்கிறார். கையில் பிடிக்காத பொருளுக்கு அந்தச் சொல்லை நீட்ட எனக்கு மனமில்லை. அங்கே பயனெளிமையே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
சேலத்திலிருந்து