துளை போடாம அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஸ்ட்ராப் மாட்ட வழி இருக்கா?

ஆறுகம்பி:
என்கிட்ட இருக்கறது ஸ்டீல் ஸ்ட்ரிங் அக்கூஸ்டிக், கீழ்ப்பக்கம் ஸ்ட்ராப் மாட்டற பின் ஒண்ணு இருக்கு ஆனா நெக் பக்கம் ஒண்ணுமே இல்ல. நின்னு பாடிக்கிட்டே வாசிக்கணும், அதுக்குதான் ஸ்ட்ராப். கிட்டார் மாமாவோடது, எப்படி குடுத்தாரோ அப்படியே திருப்பிக் குடுக்கணும், அதனால ட்ரில் போடற பேச்சுக்கே இடமில்ல. ஸ்ட்ராப்போட இன்னொரு முனைய எங்க மாட்டறது?

மரத்தூள்:
ட்ரில்லே வேணாம் தம்பி, ஒரு ஷூ லேஸ் போதும். நிறைய அக்கூஸ்டிக் ஒரே ஒரு பின்னோடதான் வரும், மறுமுனைய ஹெட்ல, அதாவது ட்யூனிங் கீ இருக்கற நுனியில கட்டறது பழைய வழக்கம். இடம்தான் முக்கியம், நட்டுக்கும் (நெக் முடியற இடத்துல ஸ்ட்ரிங்க தாங்கற சின்னப் பட்டை) முதல் ட்யூனிங் கீக்கும் நடுவுல, ஸ்ட்ரிங்குக்கு அடியில லேஸ் போகணும். ஸ்ட்ரிங்க கழட்ட வேண்டியதில்ல, லேஸ் நுனியில பிளாஸ்டிக் இருக்கில்ல, அத ஒரு பக்கத்துலேந்து நுழைச்சா மறுபக்கம் வந்துடும். தட்டையா மெல்லிசா இருக்கற லேஸா எடுங்க, தடிமனா இருந்தா ஸ்ட்ரிங்க கீழேந்து தள்ளும், ட்யூனிங் நிக்காது. ஸ்ட்ரிங்குக்கு மேல மட்டும் கட்டிடாதீங்க.

சுதி_பிடி:
ஒட்டற பட்டன் கிடைக்குதே, பசையோட வரும், நெக் அடியில ஒட்டிடலாம்ல?

மரத்தூள்:
வேணாம்ங்க. பசை பிடிச்சிருக்கறது மரத்த இல்ல, மேல இருக்கற பாலிஷ. பாரம் மொத்தமும் அந்த பாலிஷ் மேல விழும், பட்டன் பிச்சுக்கிட்டு வந்தா கிட்டாரும் கீழ விழும் பாலிஷும் உரிஞ்சு வரும். மாமா கிட்டார்ல அந்த சோதனையே வேணாம்.

ஆறுகம்பி:
அண்ணா கட்டிட்டேன், நிக்குது! ஆனா ரெண்டு பிரச்சினை. எஃப் கார்ட் பிடிக்கும்போது ஸ்ட்ராப்போட தோல் முனை கையில இடிக்குது, அப்புறம் கீழ இருக்கற பின் லேசா ஆடுது, கழண்டு வந்துடுமோன்னு பயமா இருக்கு.

மரத்தூள்:
முதல்ல லேஸ இன்னும் நீளமா விட்டுக் கட்டுங்க, தோல் முனை தோள் பக்கம் தள்ளிப் போயிடும், கைகிட்ட மெல்லிசா லேஸ் மட்டும்தான் இருக்கும். ஸ்ட்ராப் நீளத்த அதுக்கேத்த மாதிரி குறைச்சுக்கோங்க.

பின் ஆடுதுன்னா அது ஸ்க்ரூவா வெறுமனே அழுத்தி வச்சதான்னு பாருங்க. அழுத்தி வச்சதுன்னா நுனி போகப்போக ஒல்லியா இருக்கும், மெதுவா திருகி இழுத்தா கையோட வந்துடும். அத சுத்தி மெல்லிசா ஒரு பேப்பர் துண்ட ஒரு சுத்து சுத்தி திரும்ப கையாலயே திருகி அமுக்குங்க, சுத்தியலால தட்டினா மரம் விரிஞ்சுடும், பசையும் வேணாம். பிக்கப் (சத்தத்த ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பற கருவி) வச்ச சில கிட்டார்ல அந்த பின்னே வயர் சொருகற ஜாக்கா இருக்கும், அத இந்த மாதிரி இழுக்கக் கூடாது, உள்ள வயர் இருக்கு, வெளிய இருக்கற நட்ட இறுக்கினா போதும்.

ஆறுகம்பி:
ஜாக் இல்லண்ணா, சாதா பின்தான். பேப்பர் சுத்தினதும் கெட்டியா உக்காந்துடுச்சு. ஸ்ட்ராப் ஓட்டை கொஞ்சம் பெருசு, அதான் நழுவுது.

மரத்தூள்:
ஸ்ட்ராப்ப மாட்டிட்டு அதுக்கு மேல பின்னுல ஒரு தடிமனான ரப்பர் வாஷர் போட்டுடுங்க, வெளிய வராது. வாசிச்சு முடிச்சதும் வாஷர கழட்டி வச்சுடணும், ரப்பர் சில பாலிஷ்ல கறை விடும்.

நைலான்காரி:
என்னுது நைலான் ஸ்ட்ரிங் போட்ட கிளாசிக்கல், ரெண்டு பக்கமும் பின் இல்ல. எனக்கு என்ன வழி?

மரத்தூள்:
உங்களுக்கு கொக்கி ஸ்ட்ராப்தாம்மா. கழுத்துல மாட்டிக்கணும், கிட்டாருக்கு அடியில சுத்தி வந்து சவுண்ட் ஹோல், அதாவது நடுவுல இருக்கற வட்ட ஓட்டையோட கீழ் விளிம்புல கொக்கி பிடிக்கும். நைலான் கிட்டார் எடை கம்மிங்கறதால அது தாங்கும், ஆனா மேல்பலகை ரொம்ப மெல்லிசு, கொக்கியில துணியோ ஃபெல்ட்டோ ஒட்டி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. இதுல பாரம் கீழேந்து மட்டும்தான் தாங்குது, அதனால ரெண்டு கையையும் விட்டா கிட்டார் முன்னாடி கவுந்துடும், பாட்டுக்கு நடுவுல கை தட்டணும்னாகூட ஒரு கை கிட்டார் மேலயே இருக்கட்டும்.