விக்டோரியா பூங்காவில் அம்மாவுக்குக் கேட்டது

போன வருசம் ஜனவரியில் ஒரு ஞாயிறு பின்னேரம், நுவரெலியா விக்டோரியா பூங்காவில் பறவை எண்ணப் போனோம். கேமராவோடு ஆறு பேர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பது வருசம் கொழுந்தெடுத்தவர்.

எங்களுக்கெல்லாம் காஷ்மீர் ஈப்பிடிப்பான் மேலேதான் கண். இமயத்தின் வடமேற்கில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம்ம மலைகளுக்கு வருகிற சின்னக் குருவி. ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மூடுகிற நேரம். மூட்டம் இறங்கிவிட்டது. பட்டியலை முடிக்கப் போனேன். அம்மா நின்றார்.

"ஆறுமணிக்குருவி கத்துது. கேக்கலையா?"

ஓடைப் பக்கமிருந்து இரட்டைச் சீழ்க்கை. மணி ஆறுக்குப் பத்து நிமிசம். "ஐப்பசியில வரும், சித்திரைக்குப் பொறகு சத்தம் இருக்காது. நம்ம லய வீட்டுக்குப் பின்னாலயும் கேக்குமே" என்றார்.

பார்க்காததை எழுதலாமா என்று ஒருவர் தயங்கினார். எழுதலாம். பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில், குரலை வைத்து நிச்சயமாக அடையாளம் தெரிந்தால் அதுவும் பதிவுதான். "1, குரல் மட்டும்" என்று போட்டோம். காக்கையையும் மைனாவையும் விடவில்லை. கண்டது கேட்டது எல்லாம் இருந்தால்தான் அது முழுப் பட்டியல். எது இல்லை என்பதும் அதிலிருந்துதான் தெரியும்.

அடுத்த வாரம் அதே ஓடையோரம் போய் உட்கார்ந்தேன். அங்கே யாரும் சருகைப் பெருக்குவதில்லை. ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருந்தது: பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. தயவுசெய்து அந்தச் சருகை அப்படியே விடச் சொல்லுங்கள். பெருக்கிவிட்டால் அதற்கு இரை ஏது?

இந்த ஐப்பசியில் அம்மா போன் எடுத்தார். "வந்துருச்சு." அவர் பேரிலேயே கணக்குத் திறந்து, தேதி, நேரம், இடம் கேட்டு ஏற்றினேன். கேட்டது அவர், பதிவும் அவருடையது.

கண்டியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்:
உடவத்தகெலேயில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஓணான். 1938இல் சரணாலயமாக்கிய காடு. தலதா மாளிகைக்கு மேலேயே இருக்கிறது. ஓணான் மூக்கு நுனியில் உருண்டையோடு மரத்தில் ஒட்டியிருந்தது. கிட்டப் போனதும் வாயைப் பிளந்தது, உள்ளே ஒரே சிவப்பு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் படம் ஏற்றும்போது இடத்தை மறைத்துவிட்டேன். இதைப் பிடித்து விற்க அலைகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் மறைத்துவிடுங்கள். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள்.

ஹட்டனிலிருந்து இன்னொருவர்:
அம்மா கதையைப் பாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "பின்னேரம் மட்டுமா? விடியவும் கத்துமே, பெரட்டுக்குப் போற நேரம்" என்கிறார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடுறது. நாளைக்கு அஞ்சரைக்கு ரெண்டு பேரும் போறோம்.