தனுஷ்கோடி மணலில் சக்கர நாற்காலி நகரவில்லை, வழி சொல்லுங்கள்

போன ஞாயிறு மதுரையிலிருந்து குடும்பத்தோடு தனுஷ்கோடி போயிருந்தோம். அம்மாவுக்கு 70 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தாத்தாவுக்கு அங்கே ரயில்வே வேலை. 1964 டிசம்பர் புயலுக்குச் சில நாள் முன்பு அரைப்பரீட்சை லீவுக்காக ஊருக்கு வந்ததால் எல்லோரும் தப்பித்தார்கள். அப்புறம் அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. இடிந்த மாதா கோயிலுக்குள் ஒரு தடவை நிற்க வேண்டுமாம்.

அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, கார் போய்விடும். சிக்கல், சாலையிலிருந்து கோயில் வரை உள்ள மணல்தான். நல்ல காலுக்கு இரண்டு மூன்று நிமிட நடை. நாற்காலி சாதாரண மடக்கு வகை: பின்சக்கரம் 24 அங்குலம், முன்சக்கரம் 8 அங்குலம், கெட்டி ரப்பர். நாலடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்துவிட்டது. திருப்பி வைத்துப் பின்னோக்கி இழுத்தோம், கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். மணல்மேல் கால்மிதி விரிப்பைப் போட்டுப் பார்த்தோம், சுருட்டிக்கொண்டது. கடையில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி நானும் தம்பியும் தூக்கினோம். பாதியில் பயந்துபோய் "இறக்குடா, போதும்" என்றார். மகள் உள்ளே ஓடி, சுவரோரம் கிடந்த ஒரு பவளக்கல் துண்டை எடுத்துக் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அம்மா பார்த்தது அதை மட்டும்தான்.

ராமேஸ்வரத்தில் தங்கிய விடுதியிலும் விசாரித்தோம், பயனில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறோம்.

இப்படி நடக்க முடியாதவரை அந்த மணலைத் தாண்டிக் கூட்டிப்போனவர்கள் யாராவது இருந்தால், எதை வைத்துச் சமாளித்தீர்கள்?