உலோகக் கண்ணாடியில் பிணைப்புக்கு வேலை உண்டா, அடுக்கல் மட்டும் போதுமா?

கதிர்வேல்: சால்கோஜனைடு கண்ணாடியையும் (செலீனியம், டெல்லூரியம் போன்றவை சேர்ந்தது) உலோகக் கண்ணாடியையும் (படிக ஒழுங்கில்லாமல் உறைந்த உலோகக் கலவை) ஒரே பாடத்தில் சேர்த்து நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவதில் பிணைப்புதான் எல்லாம். அணுக்களில் ஜெர்மானியம் 20%, செலீனியம் 80% உள்ள கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். பிணைப்பின் நீளமும் கோணமும் அணுவைக் கட்டிப்போடும் கட்டுப்பாடுகள். நான்கு பிணைப்புள்ள ஜெர்மானியத்துக்கு அவை 7, இரண்டு பிணைப்புள்ள செலீனியத்துக்கு 2. சராசரி 0.2×7 + 0.8×2 = 3. ஓர் அணு நகரக்கூடிய திசைகளும் மூன்றுதான்! சராசரி அணைவு எண், அதாவது ஓர் அணுவோடு பிணைந்த அண்டை அணுக்களின் எண்ணிக்கை, 2.4 ஆக வரும் இந்த இடத்தில்தான் தளர்ந்த வலை விறைக்கத் தொடங்குகிறது. 1979-இல் இயற்பியலாளர் பிலிப்ஸ் தொடங்கி வைத்து, பின்னர் தார்ப் என்பவர் செம்மைப்படுத்திய கணக்கு இது.

உலோகத்தில் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் நெருக்கி நிற்கும். அங்கே எந்தக் கோணத்தை எண்ணுவது? மூட்டையில் குலுக்கிப் போட்ட கோலிக்குண்டுகள் மாதிரிதான். உருண்டைகளை வைத்து இயற்பியலாளர் பெர்னல் காட்டிய ஒழுங்கற்ற அடுக்கலே போதும்.

நித்யா: செலீனியம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கோலிக்குண்டுகளோடு முடித்துவிட முடியாது, கதிர் சார். 1960-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் டூவெஸ் என்பவரின் குழு முதல் உலோகக் கண்ணாடியாக ஆக்கியது தங்கம்-சிலிக்கான் கலவையை. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும், சிலிக்கான் 1414-இல். அணுக்களில் சுமார் 19% சிலிக்கான் சேர்ந்த கலவையோ 363 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் உருண்டைகளுக்கு இவ்வளவு ஆழமான சரிவு வராது. திரவத்திலேயே இரண்டும் ஒன்றையொன்று நாடுகின்றன.

பல்லேடியம்-சிலிக்கானைப் பாருங்கள். 1979-இல் கேஸ்கெல் என்ற ஆய்வாளர் முன்வைத்த மாதிரியில் ஒவ்வொரு சிலிக்கானும் முக்கோணப் பட்டகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது: மூலைகளில் ஆறு பல்லேடியம், பக்கங்களுக்கு வெளியே மூன்று. படிகச் சேர்மத்திலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்.

கதிர்வேல்: அந்த ஒன்பதுக்குப் பிணைப்பு தேவையில்லையே! சின்ன அணுவைச் சுற்றிப் பெரிய அணுக்கள் எத்தனை நெருக்கமாக நிற்க முடியும் என்பதை ஆரங்களின் விகிதமே முடிவு செய்யும். 2004-இல் மிராக்கிள் என்ற ஆய்வாளர் காட்டியது அதைத்தான். செம்பு-சிர்கோனியத்தில் விகிதம் மாறுகிறது, அதனால் பன்னிரண்டு அணுக்கள் சூழ்ந்த இருபதுமுகிகள் வருகின்றன.

நித்யா: எத்தனை பேர் என்பதை விகிதம் சொல்லும், யார் யார் என்பதைச் சொல்லாது. பல்லேடியம்-சிலிக்கான் போன்ற கண்ணாடிகளில் சிலிக்கானோ பாஸ்பரஸோ தன் இனத்து அணுவைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. அளவு மட்டும்தான் காரணம் என்றால் அவை ஏன் விலக வேண்டும்? அது வேதியியல்.

கதிர்வேல்: விலகலை மறுக்கவில்லை. ஆனால் நாட்டம் வேறு, திசையுள்ள பிணைப்பு வேறு. திசை இருந்தால் 2.4 போன்ற ஒரு வாசல் உலோகத்திலும் தெரிய வேண்டும். அப்படி ஒன்றைக் காட்டுங்கள்.

முத்து: நடுவில் ஒரு வார்த்தை. திரும்ப எழுதக்கூடிய டிவிடிகளில் இருக்கும் ஜெர்மானியம்-ஆன்டிமனி-டெல்லூரியத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். அதுவும் சால்கோஜனைடுதான். படிகமாகும்போது அணைவு ஆறை நெருங்குகிறது, மின்தடை பல மடங்கு விழுகிறது. கதிர் சார் கணக்கு அதன் கண்ணாடி நிலைக்கு ஓரளவு பொருந்தலாம், படிகத்துக்கு அறவே பொருந்தாது. டெல்லூரியம் வந்ததும் பிணைப்புக்கும் அடுக்கலுக்கும் நடுவே நீங்கள் போட்ட கோடு மங்கிவிடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?