செஃப் கிளஸ்டர்: எஸ்எஸ்டியையும் எச்டிடியையும் ஒரே பூலில் கலக்கலாமா?

ரேக்வாசி:
செஃப்பில் (பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் மென்பொருள்) தரவின் முதல் பிரதியை எஸ்எஸ்டியில், மற்ற இரண்டை எச்டிடியில் வைத்தால் பூல் (தரவைப் பிரித்து வைக்கும் தொகுதி) முழுக்க எஸ்எஸ்டி வேகம் கிடைக்கும் என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மூன்று பிரதியும் எழுதி முடித்த பிறகுதான் செஃப் கிளையன்டுக்குப் பதில் சொல்லும். இரண்டு பிரதி சுழலும் வட்டில் கிடக்கும்போது எழுதும் வேகம் எங்கிருந்து வரும்?

வட்டுமாமா:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். வாசிப்பு ப்ரைமரியிடம், அதாவது முதல் பிரதியிடம், போகும். ப்ரைமரி எஸ்எஸ்டி. அப்புறம் என்ன குறை? 2017இல் லுமினஸ் என்ற செஃப் பதிப்பு வந்து டிவைஸ் கிளாஸை (வட்டு எந்த வகை என்ற குறி) கொடுப்பதற்கு முன்பே, எந்தப் பிரதி எந்த வட்டில் என்று தீர்மானிக்கும் க்ரஷ் மேப்பைக் கையால் திருத்தி எஸ்எஸ்டிக்குத் தனி ரூட் (அந்த மேப்பின் மேல்மட்டக் கிளை) போட்டவன் நான்.

ரேக்வாசி:
சீனியாரிட்டி கேட்கவில்லை. எழுதும் வேகம்?

நைட்ஷிப்ட்:
இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இப்படிப் பிரதிகளைப் பிரிக்கும் க்ரஷ் விதியில் இரண்டு டேக் (எங்கிருந்து வட்டைத் தேர்வது என்று சொல்லும் படி) வரும். முதல் டேக் எந்த சர்வரை எடுத்தது என்று இரண்டாவதுக்குத் தெரியாது. ஒரே சர்வரில் இரு வகை வட்டும் இருந்தால் இரண்டு பிரதி அங்கேயே விழலாம். அந்த சர்வர் படுத்தால் மிச்சம் ஒன்றுதான். மின்-சைஸ் (பூல் இயங்கத் தேவையான குறைந்தபட்சப் பிரதிகள்) 2 என்றால் அந்த பிஜிக்கள் (பூலின் தரவுக் குழுக்கள்) அப்படியே நின்றுவிடும்.

வட்டுமாமா:
என் எஸ்எஸ்டி சர்வர்களில் எச்டிடியே கிடையாது தம்பி. வாசிப்பைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

நைட்ஷிப்ட்:
தம்பி எல்லாம் வேண்டாம் சார். உங்கள் வயதும் தெரியாது, என் வயதும் தெரியாது.

ரேக்வாசி:
வாசிப்புக்கே வருகிறேன். எஸ்எஸ்டி ஓஎஸ்டி (ஒரு வட்டைக் கவனிக்கும் செஃப் சேவை) ஒன்று கீழே போனால் எச்டிடி பிரதி ப்ரைமரி ஆகும், வாசிப்பும் எச்டிடி வேகத்துக்கு இறங்கும். எஸ்எஸ்டி கிளாஸுக்கு ஒரு விதி, எச்டிடி கிளாஸுக்கு ஒரு விதி, தனித்தனி பூல். அதுதான் ஒழுங்கு. கிளாஸ் சொல்லாத பழைய விதியில் ஒரு பூலை விட்டுவைத்தாலும் ரூட் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிஜி எண்ணிக்கையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோஸ்கேலர் அந்த பூல்களைத் தொடாமல் விட்டுவிடும். ரெய்டு கார்டுக்கு (பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அட்டை) பின்னால் எஸ்எஸ்டி இருந்தால் அது எச்டிடி கிளாஸில் பதிவாகவும் வாய்ப்புண்டு. ஓஎஸ்டி ட்ரீ கட்டளையின் வெளியீட்டில் கிளாஸ் பத்தியைப் பாருங்கள். பழைய கிளாஸை நீக்கினால்தான் புதியதை ஏற்கும்.

சில்லறைக்காசு:
எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்டி வாங்க எங்களிடம் பணமில்லை. எச்டிடி ஓஎஸ்டிகளின் டிபியையும் (தரவு எங்கே என்ற குறிப்புகள்) வாலையும் (WAL, எழுதுமுன் பதியும் பதிவேடு) ஒரு எஸ்எஸ்டியில் வைத்தாலே சின்ன ரைட்டுகள் தேறும்.

வட்டுமாமா:
அந்த ஒரு எஸ்எஸ்டி செத்தால் அதை நம்பிய அத்தனை ஓஎஸ்டியும் சேர்ந்து சாகும். அதைப் பற்றி ரேக்வாசி வாயே திறக்க மாட்டாரே!

ரேக்வாசி:
அதைச் சொன்னது நானா? செஃப்பின் வேகச் சோதனைக் கருவியான ரேடாஸ் பெஞ்சில் 4 கேபி ரைட் ஓட்டி முடிவைப் போடுங்கள்.

வட்டுமாமா:
ரீட் முடிவைப் போடுகிறேன்.

ரேக்வாசி:
ரைட்.

வட்டுமாமா:
ரீட்தான். போன மாதம் ஈரேஷர் கோடிங் விவாதத்திலும் இதே மாதிரி கேள்வியை மாற்றித்தான் என்னை மடக்கினீர்கள்.